பந்து இல்லாத ஓட்டம்

லோரிங் பாயிண்ட், ஃபுளோரிடா
ஆகஸ்ட் 14, 1987
(அனுப்பாதது)

அன்புள்ள தம்பி லவான்,

அன்றைக்குக் கோச் டட்டன் நம் சமையலறையில் உட்கார்ந்து அம்மா வறுத்த கெளுத்தி மீனைத் தின்றுகொண்டிருந்தபோது நான் சொல்லாமல் விட்டது இதுதான்: என் தம்பிக்குப் படிக்கத் தெரியாது.

பிப்ரவரி மாதம். அறுவடைக்கு முன் கரும்புக் காடுகளுக்குத் தீ வைத்திருந்தார்கள். ஜன்னல் விளிம்பெல்லாம் கரி. அவர் கான்சாஸிலிருந்து உன்னைத் தேடி வந்திருந்தார். ஃபுட்பால் ஆட்டத்தில் நீ பந்தை அணைத்துக்கொண்டு ஓடியதைப் படச்சுருளில் பார்த்தாராம். "மார்க்கெல்லாம் பாத்தேன், மோசமில்ல. ஆனா எங்களது சர்ச் காலேஜும்மா. படிப்புல கொஞ்சம் கறாரு. புள்ள தாக்குப் புடிப்பான்ல?" என்று கேட்டார்.

"அத இவளக் கேளுங்க. இந்த வீட்டுல காகிதம் திங்கற கழுத இவதான். லைப்ரரில வேல" என்றாள் அம்மா.

மூவரும் என்னைப் பார்த்தீர்கள். மேசைக்கு அடியில் உன் கால் என் காலை மிதித்து அழுத்தியது. நான், "அங்க உதவிக்கு ஆள் இருக்கா?" என்று கேட்டேன். சொல்லவேண்டியதற்குப் பதிலாக ஒரு கேள்வி.

"உதவியா? அள்ள அள்ளக் கொறையாது" என்றார் அவர். அம்மா அவர் தட்டில் இன்னொரு மீனை வைத்தாள்.

சொல்லியிருந்தால் அவர் மீனை முடித்து, நன்றி சொல்லி, அடுத்த தெருவில் வேறொரு பையனைப் பார்க்கப் போயிருப்பார். நீ சர்க்கரை ஆலைக்குப் போயிருப்பாய், அப்பாவின் விரல்கள் போன அதே இடத்துக்கு. நம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் உன்னை வெள்ளிக்கிழமை ஆட்டங்களுக்காக வகுப்புக்கு வகுப்பு தேற்றித் தள்ளிவிட்டார்கள். பாடங்களை நான் உரக்க வாசிப்பேன், நீ கேட்டுக் கேட்டே தலையில் ஏற்றிக்கொள்வாய். அம்மா உனக்குச் சோம்பல் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இன்று பஸ் நிலையத்தில் சொன்னாய்: "நீ எழுதுக்கா. எவனையாவது புடிச்சுப் படிக்கச் சொல்லிக்கறேன்."

"எவனாவது படிச்சா நான் என்னத்த எழுதறது?"

"எழுத முடிஞ்சத எழுது. நான் சொல்ல வேண்டியத படமாப் போட்டுடறேன். அது உனக்குப் படிக்க வரும்."

வரும். உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் மேசையில் நகர்த்தி நகர்த்தி நீதானே கற்றுக்கொடுத்தாய். வட்டம் நம் ஆள், பெருக்கல் குறி எதிராளி, அம்பு ஓட்டம். கறுப்பாக நிரப்பிய வட்டத்திடம் பந்து இருக்கும். அது எப்போதும் நீ.

இதைத் தபாலில் போட்டால் முன்பின் தெரியாத ஒருவர் வாய்தான் உனக்கு இதைச் சொல்லும். ஆகவே இது என் அலமாரியிலேயே இருக்கட்டும்.

உன் அக்கா,
ஆர்டீலியா

•

ஓர்விக் கல்லூரி, கான்சாஸ்
செப்டம்பர் 6, 1987

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

இறையருளால் நான் நலம். தாங்களும் அன்னையும் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறேன்.

இவ்விடத்தின் அமைதி என் உள்ளத்தைக் கவர்ந்துள்ளது. சோள வயல்கள் கடலென அலையாடுகின்றன. ஆசிரியர்கள் அன்புடன் நடத்துகிறார்கள். பயிற்சி கடினமானதாயினும் மகிழ்ச்சி தருகிறது. உணவும் குறைவில்லை. என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அன்னைக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும்.

தங்கள் அன்புத் தம்பி,
லவான்

(அடியில் பென்சில் படம். களத்தில் பதினொரு வட்டங்கள். எதிரே பதினொரு பெருக்கல் குறிகள். கறுப்பு வட்டம் வேறு யாரோ. கோட்டுக்கு வெளியே, தனியாக, ஒரு சின்ன வட்டம்.)

•

லோரிங் பாயிண்ட்
செப்டம்பர் 15, 1987

அன்புத் தம்பி,

இந்தக் கடிதம் உன்னைச் சுகமாகக் காணட்டும். எங்களைச் சுகமாகத்தான் விட்டு வருகிறது. இதை உனக்கு உரக்க வாசிக்கும் அன்பருக்கும் என் வணக்கம்.

சோள வயல் அலையாடுகிறது என்று நீ சொல்லியிருக்கமாட்டாய். அதில் முயல் ஓடுமா ஓடாதா என்றுதான் சொல்லியிருப்பாய். யார் எழுதினாலும் கையெழுத்து மிக அழகு. ஆனால் எனக்கு என் தம்பியின் பேச்சு வேண்டும்.

அம்மாவின் முட்டி பரவாயில்லை. புதிதாக ஒரு பாட்டு கற்றுக்கொண்டு சர்ச்சில் எல்லோருக்கும் முன்னால் ஆரம்பித்து, எல்லோருக்கும் பின்னால் முடிக்கிறாள். பாதிரியார் பொறுத்துக்கொள்கிறார்.

கோட்டுக்கு வெளியே நிற்கும் சின்ன வட்டத்தைப் பார்த்தேன். முதல் வருடம்தானே. சூடாகச் சாப்பிடு.

உன் அக்கா,
ஆர்டீலியா

•

ஓர்விக் கல்லூரி
செப்டம்பர் 28, 1987

அக்கா,

நல்லா இருக்கியா? அம்மா எப்படி? நான் கல்லு மாதிரி இருக்கேன்.

இத எழுதறது மார்லிஸ். இங்க படிப்புல உதவி செய்யற பொண்ணு, மூணாவது வருஷம். நீ வணக்கம் சொன்னத வாசிச்சதும் கழுத்து வரைக்கும் செவந்துபோச்சு. "இனிமே நீங்க பேசறத அப்படியே எழுதறேன்"னு சொல்லிட்டா. பாரு, இதையும் எழுதிட்டா.

இங்க முயலே கெடையாது. சோறும் கெடையாது. உருளக்கெழங்கு, அது மேல உருளக்கெழங்குச் சாறு. நம்ம மொளகுச் சாஸ் ஒரு புட்டி அனுப்பு, இல்லேன்னா நான் வெள்ளக்காரனா மாறிடுவேன். மார்லிஸ் சிரிக்கறா.

எங்க வருஷத்துல ஃபுட்பாலுக்குன்னு கூட்டிட்டு வந்தவங்க மட்டும் எழுபது பேரு. காலேஜே மொத்தம் நானூறு. நாங்க வரலேன்னா ஹாஸ்டல்ல ஆந்ததான் குடியிருக்கும்னு மார்லிஸ் சொல்றா. ஐயோ அத எழுதாதேன்னேன். எழுதிட்டா.

சனிக்கிழம மேட்சுல ஆடறதுக்கு எனக்குச் சட்ட இல்லக்கா. ஆனா வார நாள்ல நான்தான் ராஜா. அடுத்த வாரம் எந்த டீமோட மோதறமோ, அந்த டீமோட ஓட்டக்காரனா நான் வேஷம் கட்டணும். செவப்பு பனியன். நம்ம பசங்க என்ன அடிச்சுப் பழகிக்குவாங்க. கோச் சொல்றாரு: "லவானு, உன்னப் புடிக்கத் தெரிஞ்சவன் எவனையும் புடிப்பான்டா!" பெருமதான? எரியற காட்டுல முயல் தொரத்தி வளந்த காலு.

பாடமெல்லாம் போகுது. மார்லிஸ் பாத்துக்கறா.

உன் தம்பி,
லவான்

(படம்: கறுப்பு வட்டம் பந்தோடு இடப்பக்கம் நழுவுகிறது. வெறும் வட்டம் ஒன்று வலப்பக்கம் நீண்ட அம்போடு ஓடுகிறது. எல்லாப் பெருக்கல் குறிகளும் அந்த வெறும் வட்டத்தின் மேல் பாய்கின்றன.)

•

லோரிங் பாயிண்ட்
அக்டோபர் 12, 1987

அன்புத் தம்பி,

நீ சுகம் என்று இந்தக் காகிதத்துக்குத் தெரிந்தால் போதும், எனக்கும் தெரிந்துவிடும். இங்கே எல்லோரும் இருந்தபடி இருக்கிறோம். சாஸ் புட்டி தனியாக வருகிறது. துணியில் சுற்றியிருக்கிறேன்.

படம் புரிந்தது. பந்து இல்லாமல் ஓடுகிறவன் நீ. பந்து இருப்பதுபோல ஓடவேண்டும், அத்தனை பேரும் நம்பி உன்மேல் விழவேண்டும், அதற்குள் வேறொருவன் போய்ச் சேர்ந்துவிடுவான். நீ எழுதி அனுப்பியதில் இவ்வளவு தெளிவாக எதுவும் இல்லை.

உன் முதல் ஏழு வாரப் பாடங்களின் மதிப்பெண் தாள் வந்தது. உறையைப் பிரித்தது அம்மா. நான் வேலையிலிருந்து வந்தபோது அது ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது.

"பாரு! மூணு பாடம். மூணுலயும் ஒண்ணு, மொத எடம்!"

"எங்கம்மா ஒண்ணு?"

"இது என்ன, கொடிக்கம்பமா? ஒத்தக் கோடு. ரோமன் எண்ணுல போட்டிருக்கான். சர்ச் காலேஜு இல்ல? நம்ம சர்ச்சு மூலக்கல்லுலயும் இப்படித்தான் வெட்டியிருக்கு. நீ லைப்ரரில உக்காந்து என்னத்தப் படிக்கறியோ!"

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் அதைப் பிரசங்கத்தின் நடுவில் அறிவித்தார். சர்ச் முழுக்க எழுந்து நின்று ஆமென் என்றது. நானும் எழுந்தேன். நானும் ஆமென் என்றேன்.

அது ஒன்று அல்ல, ஐ (I) என்ற எழுத்து. அது எதைக் குறிக்கிறது என்று மார்லிஸுக்குத் தெரிந்திருக்கும். கேட்டுக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஆர்டீலியா

•

ஓர்விக் கல்லூரி
அக்டோபர் 19, 1987

அன்புள்ள ஆர்டீலியா அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் தாயாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். லவான் நலம். இந்தக் கடிதம் மட்டும் என்னுடையது. நான் இதை எழுதுவது அவருக்குத் தெரியும்.

அந்த எழுத்து 'இன்கம்ப்ளீட்' என்பதன் சுருக்கம், பாடம் முடியவில்லை என்று பொருள். தேறியதும் இல்லை, தோற்றதும் இல்லை. தோற்றால் அணியில் இருக்க முடியாது. முடியவில்லை என்றால் இருக்கலாம். ஆகவே கோச் கேட்கிறார், ஆசிரியர்களும் போடுகிறார்கள். சீசன் முடிந்து கிறிஸ்துமஸுக்குள் பாடத்தை முடிக்காவிட்டால் அது தானாகவே தோல்வியாக மாறிவிடும். லவானைப் போல இருபது பேர் இருக்கிறார்கள்.

கட்டுரைகளை அவர் சொல்ல நான் எழுதுகிறேன். முதலில் அவர் சொன்னதை மட்டும் எழுதினேன். இப்போது அவர் சொல்லாததையும் எழுதுகிறேன். இதை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஒன்று கேட்கவேண்டும். புத்தகத்தைத் திறந்தாலே அவர் ஏதாவது சாக்குச் சொல்கிறார். கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்கிறார். சிறு வயதிலிருந்தே கண்ணில் குறை உண்டா? உண்டென்றால் சொல்லுங்கள், கண்ணாடிக்கு ஏற்பாடு செய்யலாம். ஆனால் குறை கண்ணில் இல்லை, வேறு ஏதோ என்றால், டீனிடம் சொன்னால் அடியிலிருந்து கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியரைத் தருவார்கள். அந்த வருடம் அவர் ஆட முடியாது. ஆடாதவர்களை அடுத்த வருடம் வைத்துக்கொள்வார்களா என்று எனக்கு உறுதியில்லை.

அவரிடமே கேட்டேன். நெடுநேரம் காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அக்காவக் கேளு. அவ என்ன சொல்றாளோ அதான்" என்றார்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மார்லிஸ் உன்ரூ

•

லோரிங் பாயிண்ட்
அக்டோபர் 26, 1987

அன்புள்ள மார்லிஸ்,

உங்கள் நலத்துக்கு என் வேண்டுதல். என் தம்பியிடம் இவ்வளவு பொறுமையாக இருப்பதற்கு நன்றி.

நீங்கள் கேட்டது சரிதான். கண்தான். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் பலவீனம். சின்ன வயதிலேயே எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிவதாகச் சொல்வான். வசதியில்லாததால் கவனிக்காமல் விட்டுவிட்டோம். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். டீனைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

அன்புடன்,
ஆர்டீலியா

•

ஓர்விக் கல்லூரி
நவம்பர் 2, 1987

அக்கா,

சௌக்கியமா? அம்மா பாட்டு முடிஞ்சுதா, இன்னும் பாடிக்கிட்டே இருக்காளா? சாஸ் வந்துச்சு. பசங்க மோப்பம் புடிச்சு வந்து பாதிய நக்கிட்டானுங்க.

நீ எழுதுனத மார்லிஸ் வாசிச்சுக் காட்டினா. நல்லா எழுதியிருக்க. ரொம்ப நல்லா எழுதியிருக்க. இத அப்படியே எழுதுன்னு சொல்லியிருக்கேன்.

கண்ணாடிக்காரர் கிட்ட சீசன் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறாங்களாம். போன வாரம் ஒரு தமாஷு. பயிற்சில ஒரு சின்ன மோதல், ஒண்ணுமில்ல. நம்ம கட்டுப்போடற ஹாங்க் தாத்தா ஓடி வந்து வெரலத் தூக்கி எத்தனன்னாரு. ரெண்டுன்னேன். அவரு காட்டினது ஒண்ணாம். மூஞ்சி மாறிப்போச்சு. "பயப்படாதீங்க தாத்தா, எனக்குச் சின்ன வயசுலருந்தே அப்படித்தான். எங்கக்கா கடுதாசியே போட்டிருக்கா"ன்னேன். மார்லிஸும் ஆமான்னு சொன்னா. "அட, கண்ணுக் கோளாறா? அப்ப எந்திரிடா சோம்பேறி"ன்னு முதுகுல தட்டி அனுப்பிட்டாரு.

இப்ப பெரிய சேதி. டீமுல ஓடற பையனுக்குக் கணுக்கால் போச்சு. பதினாலாம் தேதி கடைசி மேட்சு, இந்த ஊர்லயே. எனக்குச் சட்ட குடுக்கறாங்க. முப்பத்தஞ்சாம் நம்பரு! பந்தோடக்கா. நெஜமான பந்தோட. அம்மாகிட்ட சொல்லு. சர்ச்சுல சொல்லச் சொல்லு.

படத்தப் பாரு, புரியும்.

உன் தம்பி,
லவான்

(படம்: ஒவ்வொரு வட்டமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இரண்டு வட்டங்கள். ஒவ்வொரு பெருக்கல் குறியும் இரண்டு. கறுப்பு வட்டமும் இரண்டு. அம்புகள் கோணலாகப் போகின்றன.)

•

லோரிங் பாயிண்ட்
நவம்பர் 7, 1987

அன்புத் தம்பி,

இந்தக் கடிதம் உன்னைத் துள்ளிக்கொண்டிருப்பவனாகக் காணட்டும். இங்கே வீடே துள்ளுகிறது. அம்மா முப்பத்தைந்து என்ற எண்ணைக் கேக்கின் மேல் சர்க்கரையில் எழுதி, அக்கம்பக்கத்தில் வெட்டிக் கொடுத்துவிட்டாள். "ஆடறதுக்கு முன்னாலயே கேக்கா?" என்று வெல்மா டிப்ஸ் கேட்டாளாம். "பொறக்கறதுக்கு முன்னால நீ தொட்டில் வாங்கல?" என்றாளாம் அம்மா.

உன் படத்தைப் பார்த்துச் சிரித்தேன். லைப்ரரியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவேண்டியதாயிற்று. எல்லாம் இரண்டிரண்டு! ஹாங்க் தாத்தாவிடமும் விடாமல் இரண்டு என்றாயே, என்ன நடிப்பு. சரி, கண்ணாடி வரும்வரை அப்படியே வரைந்துகொண்டிரு.

மேட்ச் முடியட்டும். முடிந்ததும் உன்னிடமும் மார்லிஸிடமும் ஒன்று பேசவேண்டும். இப்போது வேண்டாம்.

ஓடு தம்பி. காடு எரிகிறது என்று நினைத்துக்கொண்டு ஓடு.

உன் அக்கா,
ஆர்டீலியா

•

ஓர்விக் கல்லூரி
நவம்பர் 29, 1987

அன்புள்ள ஆர்டீலியா அவர்களுக்கு,

நலமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அடக்கத்துக்கு வர முடியவில்லை, மன்னியுங்கள். நடந்ததைக் கல்லூரி உங்களுக்குத் தொலைபேசியில் எப்படிச் சொன்னதோ தெரியாது. நான் பார்த்ததை எழுதுகிறேன்.

பதினோராம் தேதி புதன்கிழமை. எதிரணி ஓட்டக்காரனாக வேஷம் கட்ட வேறு ஆள் இல்லாததால் அன்றும் சிவப்புப் பனியனோடு அவரையே ஓடச் சொன்னார்கள். பந்து அவரிடம் இல்லை. வலப்பக்கமாக ஓடினார். இரண்டு பேர் பிடித்தார்கள். பலமான அடிகூட இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எழுந்து நின்றார். கையால் எதையோ விலக்குவதுபோலக் காற்றைத் தள்ளினார். பிறகு விழுந்தார்.

விச்சிட்டாவில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உங்கள் தாயாரும் நீங்களும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தீர்கள். வியாழக்கிழமை உங்கள் கடிதம் கல்லூரிக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். கண் மூடியிருந்தாலும் காது கேட்கும் என்றாள் ஒரு நர்ஸ். ஆகவே எப்போதும்போல உரக்க வாசித்தேன். கேக், தொட்டில், எல்லாவற்றையும். படத்தைப் பார்த்துச் சிரித்தேன் என்ற இடத்துக்கு வந்தபோது, அறையில் இருந்த டாக்டர் நிமிர்ந்தார்.

"என்ன படம்?"

சொன்னேன்.

"எல்லாம் ரெண்டு ரெண்டாவா? எப்ப வரைஞ்சான்?"

"ரெண்டாந்தேதி."

"அதுக்கு முன்னாடி இப்படி வரைஞ்சிருக்கானா?"

இல்லை என்றேன். முதல் இரண்டு கடிதங்களின் படங்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஒற்றை ஒற்றை வட்டங்கள், காம்பஸ் வைத்ததுபோல.

"தலையில அடி பட்டதும் அன்னிக்கே நிறுத்தியிருக்கணும். பத்து நாள் படுத்திருந்தா போதும். யாரும் கேக்கலயா?"

"கேட்டாங்க. கண்ணுல குறைன்னு சொன்னோம்."

"யாரு சொன்னது?"

நான் உங்கள் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். நீங்கள் வந்து சேர்ந்தபோது அவருக்கு மூச்சு இயந்திரத்தில் இருந்தது. மற்றது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் பதில் வரும் முன்பே நான் சந்தேகப்பட்டேன், ஆர்டீலியா. கண் என்ற சொல்லை உங்கள் கையில் கொடுத்தவள் நான். வேறு ஏதோ என்றுதான் எழுதினேன். அது என்ன என்று எழுத என்னாலும் முடியவில்லை.

மார்லிஸ்

•

லோரிங் பாயிண்ட்
ஆகஸ்ட் 12, 1988

அன்புள்ள மார்லிஸ்,

இந்தக் கடிதம் உங்களை எங்கே காணும் என்று தெரியாது. காணுமிடத்தில் சுகமாகக் காணட்டும். பதில் எழுத ஒன்பது மாதம் ஆகிவிட்டது. உங்கள்மேல் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அம்மா நடமாடுகிறாள். சர்ச்சில் பாடுவதில்லை.

ஜனவரியில் டீன் ஒரு கடிதம் அனுப்பினார். கிறிஸ்துமஸுக்குள் முடியாத பாடங்கள் தோல்வியாக மாறவேண்டும், ஆனால் மறைந்த மாணவருக்கு மரியாதையாக அம்மூன்று பாடங்களிலும் அவர் தேறியதாகப் பதிவுசெய்கிறோம் என்று. புதிய மதிப்பெண் தாளும் உடன் இருந்தது. அம்மா அதைப் பழையதன் பக்கத்திலேயே ஒட்டினாள். தள்ளி நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மொதல்ல ஒண்ணு போட்டாங்க. இப்ப வெறும் பாஸுன்னு போட்டிருக்கான். புள்ள செத்ததும் எறக்கிட்டாங்களே, ஏன்டி?"

தவறுதலாக இருக்கும் என்றேன். எழுதிக் கேளு என்றாள். கேட்கிறேன் என்றேன். ஒவ்வொரு ஞாயிறும் பதில் வந்ததா என்று கேட்கிறாள்.

பிப்ரவரியில் கோச் டட்டன் வந்தார். முதலில் எங்கள் வீட்டுக்கு. தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்று அழுதார். பொய் அழுகை இல்லை. அம்மா அவருக்கு ஒரு நாற்காலி போட்டாள். பிறகு அடுத்த தெருவுக்குப் போனார். வெல்மா டிப்ஸின் மகன் க்வின்சியும் நன்றாக ஓடுவான். வெல்மா ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டாள். காலேஜ் விஷயம் தெரிந்தவள் நான்தானாம்.

அவள் சமையலறையிலும் மீன்தான். அவர் அதே கேள்வியைக் கேட்டார். புள்ள தாக்குப் புடிப்பான்ல? க்வின்சி எங்கள் லைப்ரரிக்கு வந்தால் பத்திரிகைகளின் படங்களை மட்டும் புரட்டுவான். ஒருமுறை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். நான் சொன்னேன்:

"அவனுக்குப் படிக்கத் தெரியாது. என் தம்பிக்கும் தெரியாது."

கோச் முள்கரண்டியைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாகப் பேசினார்.

"தெரியும்மா. லவான் வந்த மொத வாரமே தெரியும். ஆட்ட நோட்டக் குடுத்தேன், படத்த மட்டும் பாத்தான். அவன மாதிரி எத்தனையோ பேரு. அதுக்குத்தான ஆள் வச்சிருக்கோம். நல்ல பொண்ணுங்க."

"தெரிஞ்சும் இப்ப ஏன் மறுபடி என்கிட்ட கேட்டீங்க?"

"நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்" என்றார். பிறகு, "நீங்க சொல்லலேன்னா எனக்கும் தெரிய வேண்டியதில்ல" என்றார்.

வெல்மா எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். "உன் தம்பி போனப்ப இந்த வாய் எங்க போச்சு? எம்புள்ள போறப்பதான் தொறக்குமா?"

"அதனாலதான் சொல்றேன் வெல்மா."

"அதனால என்ன? ஆலைல விரல் விடச் சொல்றியா? உங்கப்பன் மாதிரி?" என்றாள். என் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் இன்னும் சாப்பிடத் தொடங்கியிருக்கவில்லை.

க்வின்சி வாசல்வரை என்கூட வந்தான். வீட்டுக்குள் கேட்காதபடி, "அக்கா, அந்த மார்லிஸ் பொண்ணு இன்னும் அங்க இருக்கா?" என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். அவன் அம்மாவுக்குத் தெரியாமல் லைப்ரரிக்கு வந்தால் எழுத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்றேன். மார்ச்சிலிருந்து மே வரை வந்தான். பிறகு கோடைப் பயிற்சி தொடங்கியது, வரவில்லை. தன் பெயரை எழுதுகிறான். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயரை முதல் இரண்டு எழுத்துவரை கூட்டிப் படிக்கிறான்.

அவன் அங்கே வந்து, நீங்களும் இருந்தால், அவனுக்கு வாசித்துக் காட்டாதீர்கள், அவனையே கூட்டிப் படிக்க விடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

உங்கள் உடம்பையும் மனதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்டீலியா

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் ஒரு நாள் ஆகிவிட்டது. க்வின்சி இன்று காலை கான்சாஸுக்குப் பஸ் ஏறினான்.